ரொட்டியில் பருப்பைக் கலந்தவள்

புதிதாக ஒருவரைச் சந்தித்தால் என் அக்கா பெயரைக் கேட்க மாட்டாள். வேலையை விசாரிக்க மாட்டாள். "உங்களுக்கு எது ஒத்துக்காது?" என்பதே அவளுடைய முதல் கேள்வி. கேட்கப்பட்டவர் சற்றுத் திகைப்பார். பிறகு, தம்மிடம் யாருமே கேட்காத ஒன்றை ஒருவர் கேட்டுவிட்டார் என்ற மகிழ்ச்சியோடு இறால், கத்திரிக்காய், பால் என்று சொல்லத் தொடங்குவார். அக்கா தலையசைத்துக் கேட்டுக்கொள்வாள். பெயர்கள் அவளுக்குப் பலமுறை மறந்துபோயின. ஒத்துக்கொள்ளாதவை ஒருபோதும் மறக்கவில்லை. "நெலக்கடல ஆகாதவங்க வீட்டுல கல்யாணமாம்" என்று திடீரென்று சொல்வாள். யார் வீடு என்பதை நான்தான் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

அந்தக் கேள்விக்கு ஒரு நோக்கம் இருந்தது. அடுத்த முறை பார்க்கும்போது அவர்களுக்கு அவள் ரொட்டி கொடுப்பாள். அதில் என்ன கலந்திருக்கிறது என்று சொல்ல மாட்டாள். சொல்லாமல் கொடுப்பவள், கொடுக்கும் முன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அவள் தனக்கு வகுத்துக்கொண்ட நெறி.

அவள் கலந்தது பருப்பு மாவு. பெரும்பாலும் கடலைப்பருப்பு, சில வாரங்களில் பாசிப்பருப்பு. பருப்பைக் கழுவி, பாசிர் ரிஸ் அடுக்குமாடியில் நாங்கள் இருவரும் வாழ்ந்த வீட்டின் தாழ்வாரத்தில் பழைய வேட்டியை விரித்து உலர்த்துவாள். பிறகு இரும்புச் சட்டியில் வறுத்து, ஆறவைத்து, தேக்கா சந்தையில் மசாலா அரைத்துக் கொடுக்கும் கடைக்குக் கொண்டுபோவாள். கோதுமை மாவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அதைச் சேர்க்க மாட்டாள். மேலே போனால் ரொட்டி எழும்பாது, வெட்டும்போது உதிரும். கீழே போனால் ஏன் மெனக்கெட வேண்டும் என்பாள். வெந்து வந்த ரொட்டி கடை ரொட்டியைவிடச் சற்று மஞ்சளாக, சற்றுக் கனமாக இருக்கும். மற்றபடி சந்தேகத்துக்கு இடம் இருக்காது.

ஓய்வு பெறும்வரை அவள் ஒரு மருத்துவமனையில் உணவு ஆலோசகர். நோயாளிகளின் உணவு அவள் கையெழுத்தில்லாமல் சமையலறையைவிட்டு வெளியேறாது. உணவு மறுப்பவர்களைப் பார்த்துப் பார்த்து அவள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். "சோறு வேணாம்னு தட்டத் தள்ளிவிடற ஆளுகூட, ரொட்டிய டீயில நனைச்சு ஒரு வாய் சாப்பிடுவான்டா. கடைசில எல்லாரும் வந்து நிக்கற எடம் அதுதான். அந்த ஒரு வாயில எதையாச்சும் ஏத்திவிட்டுட்டா போதும்."

கோதுமையின் புரதத்தில் குறைவது பருப்பில் உண்டு, பருப்பில் குறைவது கோதுமையில் உண்டு என்பதை அவள் எனக்கு விளக்கியது ஒரு மாலை உணவின்போது. அமினோ அமிலங்களின் பெயர்களைச் சொல்லத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டாள். "உனக்கு வெளங்கற மாதிரி சொல்றேன். உனக்கு இருக்கற பொறுமை எனக்குக் கெடையாது. எனக்கு இருக்கற புத்தி உனக்குக் கெடையாது. ஒரே வீட்டுல இருக்கறதால பொழைக்கறோம். அவ்வளவுதான்."

நான் பல்கலைக்கழகத்தில் ஒப்பந்தச் சட்டம் கற்பித்தவன். உண்மையை மறைத்துப் பெற்ற சம்மதம் சம்மதமாகாது என்று ஆண்டுதோறும் மாணவர்களுக்குச் சொல்லிவந்தவன். என் வீட்டுச் சமையலறையிலேயே அந்தக் கொள்கை நாள்தோறும் மீறப்பட்டுக்கொண்டிருந்தது. ஒருமுறை கேட்டேவிட்டேன்.

"அக்கா, ஒருத்தருக்குத் தெரியாம அவங்க வாயில ஒண்ணப் போடறது தப்பு."

"தெரிஞ்சே வெறும் காப்பியும் வெள்ள ரொட்டியும் தின்னு எலும்பாப் போறது சரியா?"

"அது அவங்க முடிவு."

"ஆமா லா. போய் கிளாஸ்ல சொல்லு, பசங்க எழுதிக்குவாங்க."

அவள் மனத்தில் அப்போது இருந்தவர் எங்கள் புளோக்கின் இரண்டாம் மாடியில் தனியாக வாழ்ந்த சீனப் பெரியவர். காலையும் மாலையும் அவருடைய உணவு கறுப்புக் காப்பியும் இரண்டு துண்டு ரொட்டியும்தான். யார் எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் கதவைத் திறக்காமலே வேண்டாம் என்பார். அக்கா அவரிடம் கொடுப்பதாகக் காட்டிக்கொள்ளவே இல்லை. "அங்கிள், எக்ஸ்ட்ரா லா. யூ ஹெல்ப் மீ ஃபினிஷ்" என்று சலித்த குரலில் கேட்டாள், ஏதோ தன் தொல்லையை அவர் தலையில் கட்டுவதுபோல. அவர் கதவைத் திறந்தார். உதவி பெற மறுத்த மனிதர் உதவி செய்ய மறுக்கவில்லை. அதன்பின் வாரந்தோறும் எங்கள் வீட்டில் ஒரு ரொட்டி தவறாமல் எக்ஸ்ட்ரா ஆயிற்று.

தேக்காவில் அரைத்துக் கொடுத்தவருக்கு இவள் ஒரு புதிர். "ரொட்டிக்கா, அக்கா? ரொட்டிக்கு யாராச்சும் கடலப்பருப்பு அரைப்பாங்களா?" என்று முதல் நாள் கேட்டார். மறுவாரம் அவருக்கு ஒரு துண்டு கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் மென்று பார்த்து, "பரவால்லக்கா. பஜ்ஜி வாசம் வருது" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். அக்கா நேராகப் பேருந்து பிடித்து வீட்டுக்கு வந்தாள். வந்ததும் மிச்சமிருந்த மாவைச் சட்டியில் கொட்டி மறுபடி வறுத்தாள். பருப்பின் பச்சை வாசம் துளி இருந்தாலும் தின்பவர் கண்டுபிடித்துவிடுவார் என்பது அவளுக்கு விளங்கிவிட்டது. அன்று முதல் அடுப்பின்முன் அவள் நிற்கும் நேரம் கூடியது.

எங்கள் தேவாலயப் பங்கிலிருந்து சிலர் மாதத்தில் ஒரு ஞாயிறு துவாஸிலுள்ள கட்டுமானத் தொழிலாளர் தங்குவிடுதிக்குக் காலை உணவு கொண்டுபோவார்கள். பூசை முடிந்ததும் கிளம்ப வேண்டும். ரொட்டி அக்காவின் பொறுப்பு. பாசிர் ரிஸ் ரயில் தடத்தின் ஒரு முனை, துவாஸ் மறுமுனை. ரொட்டி அடுக்கிய இழுவைப் பையைக் கால்களுக்கிடையே நிறுத்திக்கொண்டு அத்தனை நிலையங்களையும் அவள் நிமிர்ந்து அமர்ந்தே கடப்பாள். பையைத் தூக்க மட்டும் எனக்கு அனுமதி உண்டு.

அந்த இளைஞர்கள் அவளுக்குப் பயப்படவில்லை. "அக்கா, போன மாச ரொட்டி செங்கல்லு. சைட்டுக்கு எடுத்துட்டுப் போயி செவுத்துல வெச்சுட்டோம்" என்றான் ஒருவன், அறந்தாங்கிப் பக்கத்துப் பையன்.

"வெச்ச செவுரு நிக்குதா?"

"நிக்குதுக்கா."

"அப்ப தின்னவனும் நிப்பான். எடுத்துக்க."

ஒரு மாதம் வேறொன்று நடந்தது. அரைக்கும் இயந்திரத்தில் முன்பு அரைத்தவருடைய மசாலா ஒட்டியிருக்கும். அதனால் ஒரு பிடி அரிசியை ஓடவிட்டுச் சுத்தம் செய்த பிறகே தன் பருப்பைக் கொட்டவிடுவாள் அக்கா. அன்று கடும் மழை, கடை மூடும் நேரம். அரிசி ஓடவில்லை. அவளுக்கு முன்னால் யாரோ குழம்புப்பொடி அரைத்திருந்தார்கள். ரொட்டி வெந்து வந்தபோதுதான் வீடெங்கும் மல்லியும் மிளகாயும் மணத்தன. நிறமும் காவி ஏறியிருந்தது. வேறு ரொட்டி சுட நேரமில்லை. தலைகுனிந்தபடி பையில் அடுக்கினாள்.

விடுதியில் அத்தனையும் நொடியில் தீர்ந்தது. "இன்னிக்குத்தாங்கா ரொட்டி ரொட்டியா இருக்கு. என்ன போட்டீங்க?" என்று சுற்றி நின்று கேட்டார்கள்.

"ஒன்னும் போடல. மழ பேஞ்சுச்சு" என்றாள்.

திரும்பும் வழியில் ஏதோ ஒரு நிலையத்தில் அவள் தானாகச் சிரிக்கத் தொடங்கினாள். எதிரே இருந்தவர்கள் பார்க்கும்படி சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே, "இத்தன வருஷமா பருப்ப ஒளிக்கறதுக்குப் பாடுபட்டேன்டா. ஒரு கரண்டி மொளகாப்பொடி போட்டிருந்தா அவனுங்களே கேட்டு வாங்கித் தின்னிருப்பானுங்க" என்றாள். அவளை அப்படிச் சிரிக்கக் கண்டது எனக்கு அதுவே கடைசி என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகும் சிரித்திருப்பாள். நான் கவனித்து வைக்கவில்லை.

அவளுடைய நோயை நான் அறிந்தது ரொட்டியின் வழியாகத்தான். ஒருநாள் குளிர்பெட்டியில் கடையில் வாங்கிய வெள்ளை ரொட்டி இருந்தது. நான் கிண்டல் செய்தேன். "வயசாச்சுல்ல, மெத்துன்னு சாப்பிடணும்போல இருக்கு" என்றாள். தன் ரொட்டியை எனக்கும் பிறருக்கும் வழக்கம்போலச் சுட்டாள். தனக்கு மட்டும் கடை ரொட்டியை எடுத்துக்கொண்டாள். சில வாரங்களுக்குப் பின் அவள் கணுக்கால்கள் வீங்கியிருப்பதைக் கண்டேன். அப்போதுதான் சொன்னாள், இரண்டு சிறுநீரகங்களும் வெகுவாகப் பழுதாகிவிட்டன என்று. மருத்துவரைப் பார்க்கத் தொடங்கி வெகு நாளாகியிருந்தது.

அடுத்த முறை நானும் உடன் சென்றேன். அங்கே ஓர் இளம் உணவு ஆலோசகர், தமிழ்ப் பெண், பொறுமையாக விளக்கினார். "ஆன்ட்டி, பருப்பு, கடல, பீன்ஸ் எல்லாம் நல்லா கொறைக்கணும் ஆன்ட்டி. உங்க கிட்னிக்கு அது ரொம்ப லோடு. ஹோல்மீல்கூட வேணாம். ஒயிட் பிரெட் ஓகே."

அக்கா புதிதாகக் கேட்பவளைப்போல் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தாள். "முட்ட?" என்றுகூட ஒரு சந்தேகம் கேட்டாள். வெளியே வந்ததும், நீ யாரென்று ஏன் சொல்லவில்லை என்றேன்.

"எதுக்கு? அந்தப் பொண்ணு நல்லாத்தான் சொல்லுச்சு. நான் சொல்லியிருந்தா பயந்துபோய்ப் பாதியில நிறுத்தியிருக்கும்." சற்று நடந்தபின், "குரல் மட்டும் கொஞ்சம் சத்தம். எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது" என்றாள்.

பிறருக்குப் பருப்பு ரொட்டி சுடுவதை அவள் நிறுத்தவில்லை. ஆனால் ருசி பார்க்கக்கூட அதைத் தொடவில்லை. ஒரு விள்ளலால் ஒன்றும் ஆகாது என்று நான் சொன்னபோது, அந்த வாசகத்தை ஆயிரம் நோயாளிகளிடம் கேட்டிருப்பதாகச் சொன்னாள். ஆகவே ருசி பார்க்கும் வேலை எனக்கு வந்தது. நான் மெல்லும்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"நன்றாக இருக்கிறது" என்றால் கோபம் வரும். "நல்லா இருக்குன்னு யாரு கேட்டா? பச்ச வாசம் இருக்கா, இல்லையா? நாக்குல கரகரங்குதா? பல்லுல ஒட்டுதா? அதச் சொல்லு." நான் கண்ணை மூடிக்கொண்டு, சாட்சி சொல்பவனைப்போல, ஒவ்வொன்றாகச் சொல்வேன். அதைக் கேட்டு அடுத்த முறைக்கு வறுப்பைக் கூட்டுவாள், குறைப்பாள். கைகளில் வலு குறைந்தபோது மாவு பிசைவதும் எனக்கு வந்தது. சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "வாதாடாத, பெசை" என்பாள்.

இரத்தச் சுத்திகரிப்பு வேண்டாம் என்பது அவள் முடிவு. இதயமும் பலவீனமாக இருந்தது. மருத்துவர் இரு வழிகளையும் நேர்மையாக எடுத்துரைத்தார். நான் பல மாலைகள் வாதிட்டேன். என் வாதங்கள் ஒழுங்காகவே இருந்தன என்று நம்புகிறேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவங்க முடிவுன்னு ஒன்னு சொல்லுவியே, அது எனக்குக் கெடையாதா?" என்றாள்.

அவள் கோவிலுக்குச் செல்ல இயலாமற்போன பின், பங்கிலிருந்து ஒரு பெண்மணி ஞாயிறுதோறும் வீட்டுக்கே நற்கருணை அப்பம் கொண்டுவந்தார். ஒருநாள் அதைப் பெற்றுக்கொண்டு, கண்மூடி இருந்துவிட்டு, அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"இந்த ஒரு ரொட்டியிலதான் யாரும் எதையும் சேக்கக் கூடாது. கோதும மாவும் தண்ணியும். சட்டம், இல்ல?"

"சட்டந்தான்."

"நானும் யோசிக்காம இல்ல."

அந்தப் பெண்மணி காதில் விழாததுபோல் தம் பையை மூடிக்கொண்டார்.

அதன்பின் நாட்கள் விரைந்தன. உணவு குறைந்தது. வெள்ளை ரொட்டியைத் தேநீரில் நனைத்து ஒரு வாய், பிறகு அரை வாய், பிறகு நனைத்ததை அப்படியே தட்டின் ஓரத்தில் வைத்துவிடுவாள். வேறு எதையும் கேட்கவில்லை. அனுமதிக்கப்படாததை விரும்பிக் கேட்பது அவள் இயல்பில் இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, வீட்டுக்கு வந்து பார்த்துச் செல்லும் தாதியை வழியனுப்ப மின்தூக்கிவரை சென்றேன். அவர் பொத்தானை அழுத்தவில்லை. "அங்கிள், இனிமே ஆன்ட்டிக்கு டயட் எதுவும் பாக்க வேணாம். டாக்டர்கிட்டயும் பேசிட்டேன். என்ன ஆசப்படறாங்களோ குடுங்க" என்றார். என் கையை ஒருமுறை தொட்டார். பிறகு பொத்தானை அழுத்தினார்.

அந்தச் சொற்களின் பொருள் எனக்கு விளங்கியது. அக்காவுக்கு என்னைவிட நன்றாக விளங்கும். பணிக்காலத்தில் எத்தனையோ குடும்பத்தாரிடம் அதே சொற்களை அவளே சொல்லியிருக்கிறாள். கட்டுப்பாடு தளர்கிறது என்று அவர்கள் மகிழ்வதைப் பார்ப்பதுதான் தன் வேலையில் மிகக் கடினமான பகுதி என்று என்னிடம் ஒருமுறை சொல்லியிருந்தாள்.

ஆகவே என்முன் இருந்தது ஒரே கேள்வி. அவளுடைய ரொட்டியை அவளுக்குச் சுட்டுக் கொடுக்க இப்போது தடையில்லை. ஆனால் முதல் விள்ளலிலேயே, ஏன் தடையில்லை என்பதை அவள் அறிந்துகொள்வாள். கொடுக்காவிட்டால், தான் வாழ்நாளெல்லாம் பிறருக்குச் சுட்ட ரொட்டியின் ருசி நாவில் இல்லாமலே போய்விடுவாள். இவற்றுள் எது இரக்கம் என்று எனக்குத் தெரியவில்லை. வியாழன்வரை வெள்ளை ரொட்டியையே கொடுத்தேன். வியாழன் மாலை அவள் அதை நனைக்கக்கூட இல்லை.

வெள்ளி காலையில் கடலைப்பருப்பை வறுத்தேன். தேக்காவுக்குப் போய்வர அவளைத் தனியே விட முடியாது. வீட்டு மிக்சியிலேயே அரைத்து, இருமுறை சலித்தேன். சமையலறைக் கதவைச் சாத்தியிருந்தேன். மின்விசிறியை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்திருந்தேன். ஐந்தில் ஒரு பங்கு. யாரும் வாசலில் உட்கார்ந்து சொல்லாமல் பிசைந்த முதல் மாவு அது. ரொட்டி ஓரளவுக்கு எழும்பியது.

இரண்டு துண்டுகள் வெட்டி, தேநீருடன் கொண்டுசென்றேன். தலையணைகளை அடுக்கி அவளை நிமிர்த்தி வைத்தேன். ஒரு விள்ளலைத் தேநீரில் நனைத்து வாயில் வைத்தாள். வெகு நேரம் விழுங்கவில்லை. மெல்லவும் இல்லை. நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விழுங்கிய பிறகு கேட்டாள். "எப்பச் சொன்னாங்க?"

"செவ்வாய்க்கிழம. லிஃப்ட் கிட்ட."

"இன்னிக்கு என்ன?"

"வெள்ளி."

அவள் என்னைப் பார்த்தாள். சிறுவயதில் நான் காய்ச்சலை மறைத்துப் பள்ளிக்குப் போய்த் திரும்பிய நாட்களில் அப்படிப் பார்த்திருக்கிறாள். "இத்தன நாளா நீ ஒருத்தனாவா வெச்சுக்கிட்டு இருந்த?"

நான் தேநீர்க் கோப்பையை அவள் கைக்கு அருகே நகர்த்தி வைத்தேன்.

"உக்காருடா. ஏன் நின்னுக்கிட்டே இருக்க?"

கட்டிலின் ஓரத்தில் அமர்ந்தேன். அவள் அந்தத் துண்டை முழுவதும் தின்றாள். நனைத்து, நிதானமாக, ஓரத்தையும் மிச்சம் வைக்காமல். இடையில், "சலிச்சியா?" என்று கேட்டாள். இருமுறை என்றேன். தலையசைத்தாள். கதவுக்கு வெளியே தாழ்வாரத்தில் யாரோ செருப்பைத் தேய்த்து நடந்துபோனார்கள்.

இரண்டாவது துண்டை எடுத்து இரண்டாகப் பிட்டாள். ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் வந்தன. பெரியதை என் கையில் வைத்தாள்.

"செவ்வாக்கெழமையில இருந்து நீயும் சரியாச் சாப்பிடல. எனக்குத் தெரியும். சாப்பிடு."

சாப்பிட்டேன். எப்படி இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. கடைசி வாய் உள்ளே போகும்வரை என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்களை மூடிக்கொண்டாள்.